வயிறு சொல்வதைக் கேட்கக் கற்றுத்தாருங்கள்!



செரிமான மண்டலம் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்னால் நம்ம வகுப்பில் எல்லாரும் குறிச்சிடுவோம். இரைப்பை, கணையம், சிறுகுடல், ஒண்ணும் விடமாட்டோம். ஆனால் சாப்பிடும்போது "போதும்" என்பது எப்படித் தெரிகிறது என்று கேட்டால் முழிப்போம். பரீட்சைக்கு வராத கேள்வி, ஆனால் தினம் மூன்று வேளையும் வருகிற கேள்வி! இதை 1-ஆம் வகுப்பிலேயே சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து.

விஷயம் இதுதான். சாப்பாடு போகப் போக இரைப்பைச் சுவர் விரிகிறது. அதை அங்குள்ள நரம்பு முனைகள் உணர்ந்து வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குச் சொல்கின்றன. உணவு சிறுகுடலில் இறங்கியதும் கொழுப்பும் புரதமும் பட்டு, கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. (பேரைப் பார்த்து பயப்படாதீங்க!) அதுவும் "போதும்" என்கிறது. பசியைக் கிளப்புகிற க்ரெலின் என்ற ஹார்மோன் இரைப்பையிலேயே சுரக்கிறது. ஜப்பான் விஞ்ஞானிகள் அதை 1999-இல்தான் கண்டுபிடித்தார்கள். இந்தத் தகவலெல்லாம் மூளைக்குப் போய் நமக்கு உறைக்க 15, 20 நிமிடம் ஆகும்.

நம்ம மதிய இடைவேளையைப் பாருங்கள். மணி அடிச்சதும் கை கழுவ ஒரு வரிசை, தட்டுக்கு ஒரு வரிசை. உட்காரும்போது மீதி இருப்பது பத்து நிமிடம். அதிலும் பாதிப்பேருக்கு கிரவுண்டு ஞாபகம். அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடுறோம். "போதும்" என்ற தகவல் வந்து சேரும்போது நாம அஞ்சாம் பீரியடில் இருப்போம்!

கைக்குழந்தைக்கு இதை யாரும் சொல்லித்தருவதில்லை. வயிறு நிறைஞ்சதும் பால் வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கும். நாமதான் அதை மறக்க வைக்கிறோம். அம்மாவுக்கு ஒரு வாய், தாத்தாவுக்கு ஒரு வாய், காக்காவுக்கு ஒரு வாய் என்று ஊட்டுகிறோம். இப்போ நிலாவுக்குப் பதில் செல்போன். கண்ணு படத்தில் இருக்கு, வாய் தானா திறக்குது. வயிறு சொல்வதை யார் கேட்பது?

"சோத்தை வீணாக்காதே, தட்டை வழிச்சு சாப்பிடு" என்பார் எங்க பாட்டி. பஞ்சம் பார்த்தவர், அவர் சொல்வது தப்பில்லை. ஆனால் அதற்கு வழி முதலில் கொஞ்சமா வாங்கிக்கிட்டு, வேணும்னா மறுபடி வாங்குவதுதான். நிறையப் போட்டுவிட்டு திணிப்பது இல்லை. திருவள்ளுவர்கூட 'மருந்து' அதிகாரத்தில் 10 குறளில் 6 குறளைச் சாப்பிடும் முறைக்கே ஒதுக்கியிருக்கிறார். நாம அதை மனப்பாடப் பகுதியோடு விட்டுவிட்டோம்.

சொல்லித்தந்தால் சின்னப் பிள்ளைகளுக்குப் புரியுமா என்று கேட்கலாம். புரியும். அமெரிக்காவில் சூசன் ஜான்சன் என்ற ஆய்வாளர், பள்ளி சேராத வயதுப் பிள்ளைகளுக்கு வயிறு வைத்த பொம்மைகளைக் காட்டி பசி, நிறைவு இரண்டையும் கற்றுத்தந்தார். பிள்ளைகள் தேவைக்கேற்ற அளவு சாப்பிடுவதில் முன்னேறியதாக 2000-இல் எழுதினார்.

ஒரு விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். 1982-இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் நம்மில் பலருக்கு வயிறு நிறையக் கிடைக்கிற சாப்பாடு. "போதும்னு சொல்லப் பழகு" என்பதை வைத்து யாரும் கரண்டியைக் குறைக்கக் கூடாது. போதும் என்று சொல்ல உரிமை இருந்தால், "இன்னும் கொஞ்சம் போடுங்க ஆயாம்மா" என்று கேட்கவும் உரிமை வேண்டும். ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகள் ரெண்டாம் தடவை கேட்க வெட்கப்பட்டு எழுந்து போவதை நான் பார்க்கிறேன். இன்னொரு பக்கம், குண்டாயிடுவோம் என்று தண்ணியைக் குடிச்சிட்டு "ஃபுல்" என்கிற அக்காக்கள்! தண்ணீர் இரைப்பையில் ரொம்ப நேரம் தங்காது அக்கா. நாலு மணிக்கு வயிறு உண்மையைச் சொல்லிடும்.

தலைமையாசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சின்ன வகுப்புகளுக்கு மட்டும் மதிய மணியைப் பத்து நிமிடம் முன்னாடி அடிக்கச் சொல்லுங்கள். அறிவியல் மிஸ்ஸுக்கும் ஒன்று: பொம்மை வயிறு தைக்க பழைய துணி, அரிசி, பலூன் எல்லாம் நாங்க கொண்டு வர்றோம். ஒரு பீரியடு மட்டும் கொடுங்க மிஸ்.

- 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி