சித்தேரிக் காந்தளும் செல் பகுப்பும்

செல் பகுப்பு என்றவுடன் நம் மாணவர்க்கு நினைவுக்கு வருபவை நான்கு பெயர்கள்: புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ். அவற்றோடு நான்கு கட்டங்களில் வரைந்த ஒரு படம். தேர்வுத் தாளில் இவற்றை ஒப்பித்துவிட்டால் மதிப்பெண் வந்துவிடும். அறிவு வந்துவிட்டதா என்பதே என் கேள்வி.

வெங்காயத்தின் அடிப்பகுதி தண்ணீரைத் தொடும்படி வைத்தால் சில நாட்களில் வெண்ணிற வேர்கள் இறங்கும். அவற்றின் நுனியை வெட்டிப் பதப்படுத்தி, அமிலத்தில் இளக்கி, அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பாருங்கள். பெரும்பாலான செல்கள் அந்த நான்கு நிலைகளில் எதிலும் இரா. உருண்டை உட்கருவோடு சும்மா இருப்பவை போலத் தோன்றும். இதுதான் இடைநிலை. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் மனித செல்லின் ஒரு சுற்று ஏறத்தாழ 24 மணி நேரம் என்றால், அதில் பகுப்புக்கு ஆவது சுமார் ஒரு மணி நேரமே!

மீதி நேரமெல்லாம் செல் உறங்குகிறதா? 1953-இல் ஆல்மா ஹோவர்டும் ஸ்டீபன் பெல்க்கும் அவரைக் குடும்பச் செடி ஒன்றின் வேர் நுனியிலேயே இதற்கு விடை கண்டனர். இடைநிலையின் நடுவே ஒரு குறிப்பிட்ட காலப்பகுதியில் டி.என்.ஏ. இரட்டிக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளே ஜி1, ஜி2. அங்கே செல் வளர்கிறது. குறையிருந்தால் நின்று சரிசெய்கிறது. இந்தச் சுற்றை ஆளும் கட்டுப்பாடுகளைக் கண்டறிந்த ஹார்ட்வெல், ஹன்ட், நர்ஸ் மூவருக்கும் 2001-இல் நோபல் பரிசு கிடைத்தது. அக்கட்டுப்பாடு குலைவதே புற்றுநோய்க்கு வழி.

இனி, நம் மாவட்டத்துச் சித்தேரி மலைக்கு வருவோம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களுள் முதலில் நிற்கும் செங்காந்தள் அங்கே வளர்கிறது. அதன் கிழங்கைக் கலப்பைக் கிழங்கு என்றும் கண்வலிக் கிழங்கு என்றும் சொல்வார்கள். அதிலுள்ள கால்சிசின் என்னும் நச்சுப்பொருள், குரோமோசோம்களை இரு துருவங்களுக்கும் இழுக்கும் கதிர் இழைகள் உருவாகாமல் தடுக்கிறது. பகுப்பு மெட்டாஃபேஸிலேயே நின்றுவிடுகிறது. குரோமோசோம்களை எண்ணுவோருக்கு இது பெரிய உதவி. பிரியாத குரோமோசோம்கள் ஒரே உட்கருவில் தங்கினால் அவற்றின் எண்ணிக்கை இரட்டிக்கும். கோயம்புத்தூர் கரும்பு இன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஜானகி அம்மாள் பின்னர் இங்கிலாந்தில் மக்னோலியா நாற்றுகளில் கால்சிசினைக் கையாண்டவர். 1945-இல் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் தொகுப்பு நூலையும் வெளியிட்டவர்.

நண்பர்களே! சித்தேரியிலிருந்து இறங்கிவந்து படிக்கும் ஒரு மாணவன், விஞ்ஞானம் வேறெங்கோ பிறப்பது என்று எண்ணி வகுப்பில் வாய் திறவாது அமர்ந்திருந்தால் அது யார் குற்றம்? கால்சிசின் என்ற சொல்லை எழுதிப்போடும் நாம், அது காந்தளிலும் இருக்கிறது என்று சொல்வதில்லை. சொன்னால், அந்தக் கிழங்கின் நஞ்சைப் பற்றி முதலில் பேசக்கூடியவன் அவனாக இருப்பான்.

பாடத்திட்டம் பெரிது, நுண்ணோக்கிகள் சில என்பார்கள். உண்மைதான். ஆனால் வெங்காயமும் சாயமும் பெருஞ்செலவல்ல. நால்வருக்கு ஒரு நுண்ணோக்கி இருந்தாலும் முறைவைத்துப் பார்க்கலாம். ஒவ்வொருவரும் தாமே ஒரு தகடு தயாரித்து, நூறு செல்களை எண்ணி, எந்த நிலையில் எத்தனை என்று குறிக்கட்டும். பேராசிரியரே தம் கையால் கால்சிசின் கரைசலில் இட்ட வேர் நுனியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடட்டும். கிழங்கு உயிர்கொல்லி, மாணவர் அதில் கைவைத்து விளையாடலாகாது.

படம் வரைவதற்குத் தரும் மதிப்பெண்ணில் பாதியையாவது இந்த எண்ணிக்கைக்குத் தர வேண்டும். வருகிற கல்வியாண்டிலேயே தாவரவியல் துறை இதைத் தொடங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.