நகராட்சி மக்களுடையது, துறைமுகம் யாருடையது?

"உள்ளாட்சியில் எதற்கு அரசியல்? சாக்கடை, குடிநீர், தெருவிளக்கு. இதில் என்ன இடது, வலது, சாதி, வர்க்கம்?" இப்படிக் கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். படித்தவர்கள், பண்பாகப் பேசுபவர்கள், ஊர் நன்றாக இருக்க வேண்டும் என்ற அக்கறை உள்ளவர்கள். இவர்களுக்கு எதிர்வரிசையில் இன்னொரு கூட்டம் நிற்கிறது. "அதிகாரத்தை மேலிருந்து கீழே இறக்கிவிடுங்கள், ஜனநாயகம் தானாக வேர்விடும்" என்பது அவர்கள் நம்பிக்கை. எதிரெதிராகத் தெரிந்தாலும் இரு தரப்பும் செய்யும் தவறு ஒன்றுதான். அந்தக் 'கீழே' ஏற்கெனவே யார் கையில் இருக்கிறது என்று இருவருமே கேட்பதில்லை.

இரு தரப்புக்கும் சேர்த்துப் பதில் சொல்லும் ஊர் ஒன்று மெக்சிகோவின் பசிபிக் கரையில் இருக்கிறது. அகாபுல்கோ. ஹாலிவுட் நட்சத்திரங்கள் ஓய்வெடுத்த கடற்கரை, பாறை உச்சியிலிருந்து கடலில் குதிக்கும் இளைஞர்கள் என்றுதான் உலகம் அதை அறியும். அந்த நகராட்சியின் வரலாறு சுற்றுலாக் கையேடுகளில் இருக்காது.

1565 முதல் 1815 வரை, இருநூற்றைம்பது ஆண்டுகள், மணிலாவிலிருந்து வந்த ஸ்பானியக் கப்பல்கள் இங்குதான் நங்கூரமிட்டன. பட்டும் பீங்கானும் மட்டும் வரவில்லை, மனிதர்களும் சரக்காக வந்தார்கள். மலபாரிலும் வங்காளத்திலும் பிடிக்கப்பட்டவர்கள்கூட அவர்களில் இருந்தார்கள். ஆசியாவிலிருந்து வந்த அடிமை எந்த ஊர்க்காரராக இருந்தாலும் 'சீனோ' என்று ஒரே பெயர்தான். இந்தியாவில் பிறந்து, கொச்சி வழியாகவும் மணிலா வழியாகவும் விற்கப்பட்டு, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே கரையிறக்கப்பட்ட ஒரு பெண் பின்னாளில் புவெப்லா நகரில் கத்தரீனா தெ சான் ஹுவான் என்ற பெயரில் புகழ் பெற்றார். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டோர் இவர்களைவிடப் பல மடங்கு அதிகம். இவர்களையெல்லாம் இரத்தக் கலப்பின்படி அடுக்கி வைக்க ஆட்சியாளர்கள் வைத்திருந்த சொல் 'காஸ்தா'. போர்த்துக்கீசியர் நம் சாதியைப் பார்த்து அதற்கு வைத்த பெயரும் அதே சொல்தான். ஆங்கிலத்தின் 'காஸ்ட்' அதிலிருந்து பிறந்தது. எனவே அகாபுல்கோவைப் படிக்கும்போது ஏதோ அந்நியக் கதையைப் படிக்கிறோம் என்று நினைக்க வேண்டாம், தோழர்களே.

1812இல் காதிஸ் நகரில் ஸ்பெயினின் முதல் அரசியல் சட்டம் எழுதப்பட்டது. தாராளவாதத்தின் மைல்கல் என்று இன்றும் கொண்டாடப்படும் சட்டம். ஆயிரம் உயிர்கள் வாழும் ஊர் ஒவ்வொன்றிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி மன்றம் இருக்க வேண்டும் என்று அது ஆணையிட்டது. உள்ளாட்சி வரலாற்றில் பெரிய பாய்ச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே சட்டத்தின் 22ஆம் பிரிவு, ஆப்பிரிக்க வழி வந்தவர்களாகக் கருதப்பட்டோரைக் குடிமக்கள் வரிசையிலிருந்து வெளியே நிறுத்தியது. தகுதியையும் நன்னடத்தையையும் நிரூபித்தால் கதவு திறக்கலாமாம்! மன்றம் அமைக்கத் தேவையான ஆயிரம் உயிர்களில் அவர்கள் உண்டு, மன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் குடிமக்களில் இல்லை. கறுப்பு மக்கள் நிறைந்த இந்தப் பசிபிக் கரைக்கு உள்ளாட்சி என்ற சொல் வந்து சேர்ந்த விதம் இது.

இதைச் சட்ட நிபுணர்கள் மாற்றவில்லை. ஆயுதம் ஏந்திய இந்தக் கரை மக்கள் மாற்றினார்கள். 1810 நவம்பரில், அகாபுல்கோவுக்கு அருகே அகுவாகாதில்யோவில் முகாமிட்டிருந்த மொரேலோஸ், இனி இந்தியர், முலாத்தோ என்ற காஸ்தாப் பெயர்கள் வேண்டாம், எல்லோரும் அமெரிக்கரே என்று அறிவித்தார். அவர் வழியில் வந்த விசென்தே குவெரேரோ ஆப்பிரிக்க வேர் கொண்டவர், கழுதை ஓட்டும் குடும்பத்தில் பிறந்தவர். 1829இல் குடியரசுத் தலைவராகி அடிமை முறையை ஒழித்தார். அதே ஆண்டின் இறுதியில் ஆட்சியிலிருந்து தூக்கி எறியப்பட்டார். 1831 ஜனவரியில் இதே அகாபுல்கோ துறைமுகத்தில், விருந்துக்கு என்று கப்பலுக்கு அழைத்து, பணம் வாங்கிக்கொண்டு காட்டிக்கொடுத்தான் ஓர் இத்தாலியக் கப்பல் தலைவன். அடுத்த மாதம் சுட்டுக் கொன்றார்கள். இன்று மாநிலத்துக்கே அவர் பெயர்தான்.

விடுதலைக்குப் பின் அரசு ஆவணங்களிலிருந்து காஸ்தாப் பெயர்கள் நீக்கப்பட்டன. பட்டியலைக் கிழித்தார்கள், பண்ணையைத் தொடவில்லை. நிலமும் கடையும் கப்பலும் இருந்தவர்களிடமே இருந்தன. போர்ஃபிரியோ தியாஸின் நீண்ட சர்வாதிகாரத்தில் நகராட்சிகள் பெயருக்கு இருந்தன. அவற்றின் தலைமேல் மேலிருந்து நியமிக்கப்பட்ட அரசியல் அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். புரட்சியின் முழக்கங்களில் 'சுதந்திர நகராட்சி'யும் ஒன்றானது இதனால்தான். 1917 அரசியல் சட்டத்தின் 115ஆம் பிரிவு, மாநில அரசுக்கும் நகராட்சிக்கும் நடுவில் எந்த இடைநிலை அதிகாரமும் கூடாது என்றது. காகிதத்தில் இதைவிட நல்ல உள்ளாட்சிச் சட்டம் அந்நாளில் அரிது.

அந்தக் காகிதத்தை உண்மை என்று நம்பிய ஒருவர் ஹுவான் எஸ்குதேரோ. 1890இல் அகாபுல்கோவில் பிறந்தவர். தந்தை ஸ்பானிய வணிகர், படித்தது கலிபோர்னியாவில். சுகமாக வாழ்ந்திருக்கலாம். 1913இல் துறைமுகச் சுமைதூக்கிகளைத் திரட்டிச் சங்கம் கண்டார். 1919இல் அகாபுல்கோ தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். அதன் ஏட்டுக்கு, சிறையில் இருந்த அராஜகவாதி ரிக்கார்தோ புளோரெஸ் மாகோன் நடத்திய ஏட்டின் பெயரையே வைத்தார்: 'ரெஹெனெராசியோன்', மீளுருவாக்கம்.

அன்றைய ஊர் நிலைமையைச் சொன்னால்தான் இதன் வீச்சு புரியும். தலைநகரிலிருந்து அகாபுல்கோவுக்கு மோட்டார் சாலை 1927இல்தான் திறந்தது. அதுவரை கடல்தான் வழி. அந்தக் கடல் வழியைப் பெர்னாந்தெஸ், அல்சுயேத்தா போன்ற சில ஸ்பானிய வணிக நிறுவனங்கள் கையில் வைத்திருந்தன. சரக்கு ஏற்றும் படகும் அவர்களுடையது, கிடங்கும் அவர்களுடையது, பருத்திக்கும் கொப்பரைக்கும் விலை வைப்பவர்களும் அவர்களே. மூட்டை தூக்கியவன் வாங்கிய கூலி அவர்கள் கடைக்கே அரிசிக்கும் துணிக்கும் திரும்பிப் போனது. இந்த நிலையில் எட்டு மணி நேர வேலை, உரிய கூலி, பள்ளிக்கூடம், உழவருக்கு நிலம், தலைநகருக்குச் சாலை என்று கேட்டது எஸ்குதேரோவின் கட்சி. சாலை கேட்பது அரசியலா நிர்வாகமா, சொல்லுங்கள் பார்ப்போம். சாலை வந்தால் கடல் வழியின் ஏகபோகம் சாகும். அகாபுல்கோவில் சாலை என்பதே வர்க்கப் போராட்டம்தான்.

1920 டிசம்பர் தேர்தலில் கட்சி வென்றது. 1921 ஜனவரியில் எஸ்குதேரோ நகராட்சித் தலைவரானார். சட்டப்படி நடந்த தேர்தல், சட்டப்படி அமைந்த மன்றம். 1922 மார்ச் 11 அன்று படைவீரர்கள் நகராட்சிக் கட்டடத்தைத் தாக்கினார்கள். எஸ்குதேரோ குண்டடிபட்டு விழுந்தார். செத்துவிட்டார் என்று உறுதி செய்ய ஓர் அதிகாரி அவர் தலையிலும் சுட்டான். ஆனாலும் பிழைத்தார்! உடலின் ஒரு பக்கம் செயலிழந்த நிலையிலும் கட்சியை விடவில்லை. 1923இல் நாட்டில் இராணுவக் கலகம் வெடித்தபோது எதிரிகளுக்கு மீண்டும் வாய்ப்புக் கிடைத்தது. டிசம்பர் 21 அன்று எஸ்குதேரோவையும் அவருடைய சகோதரர்கள் பிரான்சிஸ்கோ, பெலிப்பே இருவரையும் கொண்டுபோய்ச் சுட்டார்கள். அவருக்கு வயது 33. துப்பாக்கிக்குப் பின்னால் வணிகர்களின் பணம் இருந்தது என்பது அந்த ஊரின் நினைவு இன்றுவரை சுமக்கும் குற்றச்சாட்டு.

'சுதந்திர நகராட்சி' என்று எழுதிய 115ஆம் பிரிவு அன்றும் நடைமுறையில்தான் இருந்தது. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

ஒருவரைச் சுட்டுக் கொல்வது அசிங்கமான வேலை, செய்தி ஆகிவிடும். அடுத்த தலைமுறை நாகரிகமான வழி கண்டது: நகராட்சியைத் தாண்டிப் போய்விடுவது. 1946 முதல் 1952 வரை குடியரசுத் தலைவராக இருந்த மிகெல் அலெமான் காலத்தில் அகாபுல்கோ சர்வதேச உல்லாச நகரமாக மாற்றப்பட்டது. அதைச் செய்தது மன்றம் அல்ல. 'பொருள்சார் மேம்பாட்டுக்கான கூட்டாட்சி வாரியம்' என்ற அமைப்பு. மக்கள் தேர்ந்தெடுத்த அமைப்பு அல்ல அது, மத்திய அரசின் கை. புரட்சி உழவர்களுக்குக் கூட்டுடைமையாகக் கொடுத்த எஹிதோ நிலங்கள் பொதுநலத்தின் பெயரால் கையகப்படுத்தப்பட்டு, விடுதிகளும் மாளிகைகளும் ஆயின. விரிகுடாவை ஒட்டிய பெரிய சாலைக்கு அலெமானின் பெயரே வைக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்துக்கு மிஞ்சியது குப்பையும் சாக்கடையும். "உள்ளாட்சி என்றால் சாக்கடைதானே" என்பது இயற்கை விதி அல்ல. மீதி எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்ட பிறகு எஞ்சியதற்கு வைத்த பெயர் அது.

விடுதிகளைக் கட்டியவர்களும் அவற்றில் படுக்கை விரித்தவர்களும் மலைச்சரிவில் குடிசை போட்டார்கள். பயணிகள் கண்ணுக்கு உறுத்துகிறது என்று 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல குடும்பங்களை மலைக்குப் பின்னால் தூக்கிக் குடியேற்றினார்கள். அந்தக் குடியிருப்புக்குப் பெயர் 'மறுமலர்ச்சி நகரம்'. 1997 அக்டோபரில் பவுலினா புயல் வந்தபோது மலைச்சரிவுகளில் சேற்று வெள்ளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1999இல் பல பத்தாண்டு ஒரு கட்சி ஆட்சி முடிந்து எதிர்க்கட்சி நகராட்சியைப் பிடித்தது. தலைவராக வந்தவர் ஒரு தொழிலதிபர்.

இங்கே ஒரு தோழர் குறுக்கிடுவார்: "நீ சொல்வது முழுக்க வர்க்கக் கதை. இதில் நிறமும் காஸ்தாவும் எங்கே?" நியாயமான கேள்வி. எஸ்குதேரோவின் கட்சியே தொழிலாளர் என்றுதான் பேசியது, கறுப்பர் என்று பேசவில்லை. புரட்சிக்குப் பிந்தைய மெக்சிகோ, நாம் அனைவரும் கலந்த இரத்தம், மெஸ்திசோ என்று தன்னை அறிவித்துக்கொண்டது. கேட்க இனிமையான வாசகம். அதன் விளைவு என்ன? விடுதலை பெற்ற மெக்சிகோ தன் கறுப்பு மக்களை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதன்முதலாக எண்ணியது 2020இல். எண்ணியபோது 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுந்து நின்றார்கள். குவெரேரோ மாநிலத்தில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல், நாட்டிலேயே அதிக விகிதம். அரசியல் சட்டம் அவர்களை ஒரு மக்களினமாக ஏற்றது 2019இல். அதுவும் தானாக வரவில்லை. 1997இல் பக்கத்து ஒஹாக்கா மாநிலக் கடற்கரையின் எல் சிருவேலோ என்ற சிற்றூரில் கூடிய முதல் கறுப்பு மக்கள் மாநாட்டிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கேட்டதால் வந்தது.

எண்ணாவிட்டால் ஏற்றத்தாழ்வு மறைந்துவிடும் என்பவர்களுக்கு மெக்சிகோ ஒரு ஆய்வுக்கூடம். இருநூறு ஆண்டு எண்ணாமல் இருந்து பார்த்தார்கள். ஆதாரம்தான் மறைந்தது. எஸ்குதேரோவின் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களில், அலெமானின் வாரியம் நிலம் பறித்தவர்களில், எத்தனை பேர் ஆப்பிரிக்க வழியினர் என்று இன்று கணக்குச் சொல்ல முடியாமல் செய்ததே அந்தக் கலந்த இரத்தக் கதையின் சாதனை.

ஆகவே உள்ளாட்சி வேண்டாம் என்கிறேனா? இல்லை. வேண்டாத ஒன்றைப் பிடுங்க இவ்வளவு துப்பாக்கியும் இவ்வளவு வாரியங்களும் தேவைப்பட்டிருக்காது. ஆனால் அதிகாரம் கீழே வந்துவிட்டது என்று யாராவது மேடையில் சொன்னால் கைதட்டுவதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். அந்த ஊரில் யார் எண்ணப்படுகிறார்கள், யார் எண்ணப்படவில்லை? துறைமுகமும் நிலமும் தண்ணீரும் யாருடையவை? மன்றத்தைத் தாண்டி முடிவெடுக்கும் வாரியத்தின் பெயர் என்ன? மன்றம் சுடப்படும் நாளில் துப்பாக்கி யாருடைய சொல் கேட்கும்?

இந்த நான்குக்கும் பதில் சொல்லாமல் சாக்கடை பற்றி மட்டும் பேசுபவர், 1921இல் அகாபுல்கோவில் இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று நமக்குத் தெரியும்.