கூட்டமும் வாசகனும்

பெரிய தளத்தை விட்டு வெளியேறுவது பற்றிப் பேச்செடுத்தால் நம் எழுத்தாள நண்பர்களிடம் ஒரே பதில்தான் தயாராக இருக்கிறது: 'வாசகன் அங்கேதானே இருக்கிறான்!' இது புதிய வாதமல்ல. லட்சக்கணக்கில் விற்ற வாரப் பத்திரிகைகளுக்குத் தொடர்கதை எழுதப் போனவர்கள் சொன்னதும் இதுவேதான். அன்று அதைக் கேட்டு நகைத்த சிறுபத்திரிகை மரபின் வாரிசுகள் இன்று அதைத் தங்கள் வாதமாக்கிக்கொண்டிருக்கிறார்கள். விற்பனை எண்ணிக்கை இருந்த இடத்தில் விருப்பக்குறி எண்ணிக்கை. வித்தியாசம் அவ்வளவே.

ட்விட்டருக்கு நேர்ந்ததைப் பார்க்கலாம். 2022 அக்டோபரில் எலான் மஸ்க் அதை 4,400 கோடி டாலருக்கு வாங்கினார். ஊர்ப்பொது என்று நம்பிவந்த இடம் கைமாறக்கூடிய தனிச்சொத்து என்பது அன்றுதான் பலருக்கு உறைத்தது. அடுத்த வாரங்களில் பெருங்கூட்டம் மாஸ்டடானுக்குப் போயிற்று. ஜெர்மனியில் 2016இல் தொடங்கப்பட்டது அது. ஒரே கட்டடமல்ல, ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஆயிரக்கணக்கான சிறு சர்வர்கள், பெரும்பாலும் தன்னார்வலர்கள் நடத்துபவை. விளம்பரம் கிடையாது. நாம் பின்தொடர்பவர்களின் பதிவுகள் வந்த வரிசையிலேயே நிற்கும். பலர் விரும்பினார்கள் என்பதற்காக எதுவும் மேலே ஏறிவிடாது. பிறர் பதிவை எடுத்துப்போட்டு ஊரைக் கூட்டி ஏளனம் செய்யும் வசதியைப் பல வருஷங்கள் வேண்டுமென்றே வைக்காமலிருந்தார்கள். 2025இல் வைத்தபோதும், எழுதியவர் மறுக்கலாம் என்ற ஏற்பாட்டோடுதான் வைத்தார்கள்.

2022 முடிவதற்குள், மாதம் ஒருமுறையாவது அங்கு வந்துபோகிறவர்கள் 25 லட்சத்தைத் தொட்டார்கள். சில மாதங்களில் அவர்களில் கணிசமானோரைக் காணவில்லை. 'அங்கே யாருமே இல்லை' என்றார்கள். யாருமே இல்லையா? படிக்க ஆள் இருந்தது. கைதட்டத்தான் கூட்டம் இல்லை. இவர்கள் வாசகனை இழந்து திரும்பியவர்களல்ல. கூட்டத்தை இழக்கச் சகிக்காமல் திரும்பியவர்கள்.

இரண்டும் ஒன்றல்ல என்பதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன். நண்பர் ஒருவரின் கவிதைத் தொகுப்பில் பாதி தேறாது என்று பெரிய தளமொன்றில் எழுதினேன். மாலைக்குள் நூறு பேர் வந்துவிட்டார்கள். என் ஜாதி, வயிற்றெரிச்சல், பழைய கணக்குகள் எல்லாம் அலசப்பட்டன. தொகுப்பைப் படித்திருந்தவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை. கவிஞரும் வாய் திறக்கவில்லை. அவருக்காகக் கூட்டம் பேசிக்கொண்டிருந்ததே! அதே கட்டுரையை நாற்பது பேருள்ள சிறு குழுவொன்றில் போட்டேன். நான்கு நாள் கழித்துக் கவிஞரே பதில் எழுதினார். இரண்டு கவிதைகளை நான் தவறாக வாசித்திருந்ததாகச் சொன்னார். ஒன்றில் அவர் சொன்னது சரி. ஒப்புக்கொண்டேன். விமர்சனம் என்பது இதுதான். நூறு பேர் வேடிக்கை பார்க்கும்போது நானும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

சிறிய இடம் புனிதமானது என்று சொல்ல வரவில்லை. அங்கும் கோஷ்டி உண்டு. குட்டி ராஜாக்கள் உண்டு. சர்வரை நடத்துபவர் அலுத்துப்போய் ஒருநாள் மூடிவிடலாம். மாஸ்டடானில் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால், பின்தொடர்பவர்களைக் கூட்டிச் செல்லலாம்; எழுதிய பழைய பதிவுகள் கூட வருவதில்லை. இவையெல்லாம் சிறுபத்திரிகைகளுக்கும் இருந்த வியாதிகளே. ஆனால் அவை நம் வியாதிகள். நாமே சண்டைபோட்டுத் தீர்க்கக்கூடியவை. கோடீஸ்வரன் ஒருவன் வாங்கி விற்கும் சந்தையில் நம் வியாதிகூட நமக்குச் சொந்தமில்லை. சண்டை வளர வளர அவனுக்கு விளம்பரக் காசு.

வெளியேறுவதையே தியாகமாக அறிவித்துக்கொள்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. போகிறேன் என்று அங்கேயே எழுதி, அதற்கு எத்தனை விருப்பக்குறி விழுந்தது என்று பார்த்துக்கொண்டிருப்பது வெளியேற்றமல்ல. 1959இல் 'எழுத்து'வைத் தொடங்கிய சி. சு. செல்லப்பா, வெகுஜனப் பத்திரிகைகளைத் திட்டியதோடு நிற்கவில்லை. தாமே பதிப்பித்தார், புத்தக மூட்டையைத் தாமே சுமந்துபோய் விற்றார். இடம் என்பது சுமப்பவர்களால் நிற்பது.

நம் நாற்பது பேர் குழுவில் யார் யார் பெரிய தளத்தை விட்டுவிட்டார்கள் என்ற கணக்கு அடிக்கடி எடுக்கப்படுகிறது. சர்வருக்கு மாத வாடகை யார் கட்டுகிறார்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்பவர்தான் உண்மையில் வெளியேறி வந்தவர்.