'பார்மட்' போட விடாதீங்க!

'அப்டேட்' ஆன மறுநாள் லேப்டாப் எழும்ப மறுக்கிறது. கடைக்காரர் சொல்லும் முதல் வார்த்தை: "பார்மட் போட்டுடலாம் சார்!"

அவசரப்படாதீர்கள். வியாபாரக் கணக்கு, பிள்ளைகள் போட்டோ எல்லாம் போய்விடும்.

2024 ஜூலை 19-ந்தேதி உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்தன. நம் விமான நிலையங்களிலும் போர்டிங் பாசைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காரணம், கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு கோளாறான பைல். அதை நீக்கினால் போதும், பார்மட் தேவைப்படவில்லை!

விண்டோஸ் லேப்டாப்பா? லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி 3 தடவை செய்தால் ரிப்பேர் திரை வரும். கடைசி அப்டேட்டை நீக்க அதிலேயே வழி உண்டு. பைல்கள் அப்படியே இருக்கும்.

அதுவும் பலிக்கவில்லையா? "முதல்ல காப்பி எடுங்க, அப்புறம் கை வையுங்க" என்று கறாராகச் சொல்லுங்கள். பொருள் உங்களுடையது!