கடன்பட்ட வீடும் காணிக்கைப் பையும்: எங்கள் சேகரக் கமிட்டியின் நிலைப்பாடு

வட்டிக்கு வாங்கிக் காணிக்கை கொடுக்க வேண்டாம். கடனில் இருக்கும் குடும்பம் அதை அடைத்து முடிக்கும்வரை தசமபாகத்தையும் சங்கக் காணிக்கையையும் குறைத்துக்கொள்ளலாம். வேண்டுமானால் நிறுத்தியும் வைக்கலாம். சபை அதை விசுவாசக் குறைவாக எண்ணாது. எங்கள் சேகரக் கமிட்டி பெரும்பான்மையாக எடுத்த முடிவு இது. மூத்த அங்கத்தினர் சிலருக்கு இதில் வருத்தம் உண்டு. அவர்கள் சொன்னதற்கும் இந்த அறிக்கையில் பதில் சொல்ல முயன்றிருக்கிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மாதம் 15,000 ரூபாய் வருமானம் உள்ள வீட்டுக்குத் தசமபாகம் 1,500 ரூபாய். அதே வீடு 50,000 ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கியிருந்தால் மாத வட்டியும் 1,500 ரூபாய்தான். அந்த வட்டியை மட்டும் எத்தனை வருஷம் கட்டினாலும் அசலில் ஒரு ரூபாய் குறையாது. தசமபாகத்துக்கு எடுத்து வைக்கும் தொகையையும் அசலில் கட்டிவந்தால் ஒரு வருஷத்தில் அசல் 32,000 ரூபாய்க்கு இறங்கும். வட்டி 960 ரூபாயாகும். இதை ஒரு குடும்பத்துக்கு எடுத்துச் சொல்லாமல், கொடுத்தால் பெருகும் என்று மட்டும் பிரசங்கம் செய்வது நியாயமல்ல என்று கருதுகிறோம்.

தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3-ஆம் அதிகாரத்தைக் காட்டி அந்த மூத்தவர்கள் எங்களிடம் கேட்டார்கள். அந்த அதிகாரத்தை நாங்களும் வாசிக்கிறோம். அதோடு 2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். கடன்காரன் பிள்ளைகளை அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான் என்று ஒரு விதவை எலிசாவிடம் அழுகிறாள். அவளுடைய இறந்துபோன கணவன் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவன். அதாவது ஊழியக்காரன் வீட்டுக் கடன். அவள் வீட்டிலிருந்த எண்ணெய் அற்புதமாகப் பெருகிய பிறகு எலிசா அவளுக்குச் சொன்ன வரிசை முக்கியம்: எண்ணெயை விற்க வேண்டும், கடனைத் தீர்க்க வேண்டும், மீதியில் அவளும் பிள்ளைகளும் பிழைக்க வேண்டும். தனக்கென்று அவர் ஒரு குடம்கூடக் கேட்கவில்லை.

இரண்டு காசு போட்ட ஏழை விதவையைப் பற்றியும் பேச்சு வந்தது. அவள் போட்டது தன் கையிலிருந்த காசு, கைமாற்று வாங்கியதல்ல. மாற்கு 12-இல் அந்தக் காட்சிக்குச் சற்று முன்னால்தான், விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். இரண்டையும் பிரித்து வாசிக்கும் பழக்கம் நமக்கு எப்படி வந்ததோ தெரியவில்லை. பெற்றோரைத் தாங்க வேண்டிய பணத்தைக் கொர்பான், அதாவது காணிக்கை, என்று சொல்லி ஒதுக்கியவர்களையும் மாற்கு 7-இல் அவர் விடவில்லை.

கொடுப்பதையே நாங்கள் குறைத்துப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். கைப்பிடி அரிசியை அறியாத வீடு நம்மில் இல்லை. வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான அசரியா, தோர்ணக்கல்லில் மிக ஏழைச் சபைகளுக்கும் கொடுக்கக் கற்றுத்தந்தவர். அங்கே பெண்கள் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்தார்கள். பானையில் இருந்த அரிசியில்தான் அந்தப் பிடி. இன்றும் அப்படிக் கொடுப்பவர்களைத் தடுக்க எங்களுக்கு அதிகாரமும் இல்லை, மனமும் இல்லை.

ஆனால் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் நடப்பது வேறு. ஒரு பூசணிக்காய் ஆயிரங்களுக்குப் போகிறது. பக்கத்து வீட்டார் கேட்டுவிட்டார் என்று இவரும் கேட்கிறார். வீட்டுக்குப் போனபின் மனைவியின் கம்மல் அடகுக்குப் போகிறது. எனவே வரும் பண்டிகையிலிருந்து ஏலப் பொருளைக் கையிலுள்ள பணத்தைக் கொடுத்தே எடுக்க வேண்டும், பாக்கி எழுதப்படாது. காணிக்கைத் தொகையைப் பெயரோடு சேர்த்து வாசிப்பதும் நிற்கும். சங்க பாக்கியைக் காரணம் காட்டி கல்யாண ஓலை வாசிப்பையோ அடக்க ஆராதனையையோ நிறுத்திவைக்க மாட்டோம். பாக்கியை வசூலிக்க மகளின் கல்யாணத்துக்காகக் காத்திருப்பது திருச்சபைக்கு அழகல்ல.

சபையே வட்டியில்லாமல் கடன் கொடுத்தால் என்ன என்ற யோசனையும் வந்தது. வேண்டாம் என்று முடிவு செய்தோம். சபைக்குக் கடன்பட்டவர் சில வாரங்களில் ஆராதனைக்கே வராமல் போய்விடுவார். அதற்குப் பதிலாக, வங்கிப் பணியில் ஓய்வுபெற்ற இரண்டு பேர் கேட்கும் குடும்பத்தோடு உட்கார்ந்து கடன்களை எழுதிப் பார்ப்பார்கள். தனியாரிடம் உள்ள நகையை மீட்டு வங்கிக்கோ கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கோ மாற்ற வழியிருந்தால் சொல்வார்கள். கேட்டது வெளியே போகாது. கந்துவட்டி மிரட்டல் என்றால் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டப்படி காவல்துறைக்குப் போகத் துணை நிற்போம்.

சீட்டு, முதலீடு, இரட்டிப்புத் திட்டம் எதற்கும் ஆலயத்திலோ ஜெபக்கூட்டத்திலோ அறிவிப்பு இல்லை, யார் கேட்டாலும். ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டத்துக்கு ஆள் சேர்ப்பதே 2019-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி குற்றம். "நம்ம சபைக்காரர்தானே" என்ற நம்பிக்கையில் போன பணம் திரும்பி வருவது அபூர்வம்.

இதனால் வரவு குறையும். அதை மறைக்கவில்லை. குறைவை ஊழியர் சம்பளத்தில் கைவைத்துச் சரிக்கட்ட மாட்டோம். கோபுர வேலையைத் தள்ளிப்போடுகிறோம், பிரதிஷ்டைப் பண்டிகையின் ஒளி ஒலிச் செலவைக் குறைக்கிறோம். கொரிந்து சபையின் தர்மப் பணத்தைக் கொண்டுபோகையில் குற்றச்சாட்டு வராதபடி பவுல் வேறு சகோதரரையும் உடன் அனுப்பினார். நாங்களும் மாதாந்திர வரவு செலவை ஆலய வாசலில் ஒட்டுவோம். கணக்குப் புத்தகத்தை எந்த அங்கத்தினரும் கேட்டுப் பார்க்கலாம்.

இந்த முடிவில் மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதிக் குருவானவரிடமோ செயலரிடமோ கொடுக்கலாம். பெயர் போட்டு எழுதினால் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அதை வாசித்துப் பேசுவோம்.