விரல் நுனியில் ஒரு பாகுபாடு

கொரோனா காலத்தில் நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்த சிறு கருவி, பல்ஸ் ஆக்ஸிமீட்டர். விரலைக் கவ்விக்கொண்டு, தோலின் வழியே ஒளியைப் பாய்ச்சி, ரத்தத்தின் ஆக்ஸிஜன் செறிவு எத்தனை சதவீதம் என்று சொல்லும். தோல் கருத்திருந்தால் அந்தக் கணக்கு பிசகலாம். இல்லாத ஆக்ஸிஜனை இருப்பதாகக் காட்டிவிடும்.

2020 டிசம்பரில் மிச்சிகன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு இதை அம்பலப்படுத்தியது. திரையில் 92 முதல் 96 வரை தெரிந்தபோது உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தது, வெள்ளையரிடம் எடுத்த அளவீடுகளில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். மூச்சுத் திணறுபவரை ‘நன்றாகத்தான் இருக்கிறீர்கள்’ என்று வீட்டுக்கு அனுப்ப இது போதும். கோளாறு புதிதல்ல, 1990-லேயே அமெரிக்க ஆய்வொன்று எச்சரித்திருந்தது. 2013-இன் அமெரிக்க அரசு நெறிமுறையோ, இக்கருவியின் சோதனைக்கு வருவோரில் கருந்தோல் உடையவர் இருவரோ, 15 சதவீதத்தினரோ, எது அதிகமோ அத்தனை பேர் இருந்தால் போதும் என்றது. இருவர்!

கருவியைச் செய்பவர் யார் என்பதும் இதில் சேர்த்தி. அமெரிக்காவில் வருமானத்தில் உச்சியிலுள்ள 1 சதவீதக் குடும்பத்துப் பிள்ளை கண்டுபிடிப்பாளராகும் வாய்ப்பு, கீழ்ப்பாதிக் குடும்பத்துப் பிள்ளையைப்போல் 10 மடங்கு என்று பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியின் குழு கணக்கிட்டது. கண்டுபிடிப்போர் ஒரே வட்டத்திலிருந்து வந்தால் மற்றவர் உடல் மறந்துபோகும். ஆகவே, ஆராய்ச்சிக்கு மக்கள் வரிப்பணத்தைக் கொட்டும் அரசுகள், யார் உடலில் சோதித்தீர்கள் என்று பணம் தரும் முன்பே கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் காசோலையை நிறுத்த வேண்டும்.