பேசுவது பேரனா, எந்திரமா?

மேட்டூர்-

மறைந்தவர் வந்து பேசினார்! பேய்க் கதை அல்ல. நம் சேலம் மாவட்டத்தில் நடந்ததுதான்.

2024 ஜனவரி 21-ந் தேதி. பெத்தநாயக்கன்பாளையத்தில் தி.மு.க. இளைஞர் அணி மாநாடு. 2018-ல் காலமான முன்னாள் முதல்-அமைச்சர் கருணாநிதி திரையில் தோன்றிப் பேசினார். அதே கரகரத்த குரல். அதே கறுப்புக் கண்ணாடி. எல்லாம் 'ஏ.ஐ.' என்கிற செயற்கை அறிவு எந்திரத்தின் வேலை.

கூட்டத்தில் யாரும் ஏமாறவில்லை. அவர் இல்லை என்பது ஊருக்கே தெரியும். அதனால் அது வேடிக்கையோடு போயிற்று.

'லால் சலாம்' படத்தில் இசையமைப்பாளர் ஏ.ஆர்.ரகுமான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் இப்படித்தான் கொண்டு வந்தார். குடும்பத்தாரிடம் கேட்டார். பணமும் கொடுத்தார். அது முறை.

கேட்காமல் குரலை எடுத்தால்? அங்கேதான் வினை!

ரூ.40 ஆயிரம் போச்சு

2023-ல் பக்கத்து மாநிலமான கேரளத்தில், கோழிக்கோட்டில், ஓய்வு பெற்ற ஒருவருக்கு வீடியோ போன் வந்தது. பழைய நண்பரின் முகம். பழைய நண்பரின் பேச்சு. "ஆஸ்பத்திரிச் செலவு, அவசரம்" என்றது. ரூ.40 ஆயிரம் அனுப்பினார். பேசியது நண்பரே அல்ல! உடனே புகார் கொடுத்ததால் பணம் போன கணக்கு முடக்கப்பட்டது.

படித்த மனுஷனுக்கே இந்தக் கதி. மகன் பெங்களூரில், பேரன் திருப்பூரில் என்று இருக்கிற நம்ம ஊர் அம்மாயிகள் என்ன செய்வார்கள்? "அம்மாயி, வண்டியிலே அடிபட்டுட்டேன், பணம் அனுப்பு" என்று பேரன் குரலே கேட்டால் மனசு பொறுக்குமா?

போனை வையுங்கள். பேரனின் பழைய நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் 1930-க்குப் போன் போடுங்கள். நேரம் கடந்தால் பணம் கைமாறி விடும்.

யானைக்கு நல்லது

எந்திரமே கெட்டது என்று சொல்ல வரவில்லை. கோவை மதுக்கரையில் ரெயில் மோதி யானைகள் சாவது வாடிக்கையாக இருந்தது. 2024 பிப்ரவரியில் அங்கே ரூ.7.24 கோடியில் 12 கோபுரங்கள் வைத்தார்கள். கேமரா யானையைப் பார்க்கிறது. எந்திரம் அடையாளம் கண்டு வனத்துறைக்கும் ரெயில்வேக்கும் தகவல் கொடுக்கிறது. ரெயில் வேகம் குறைகிறது. இதை வேண்டாம் என்று சொல்கிறவன் மனுஷனா?

பிழைப்பும் இதில் இருக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த 'நெக்ஸ்ட்வெல்த்' நிறுவனம் நாமக்கல் மாவட்டம் மல்லசமுத்திரத்தில் மையம் திறந்தது. இந்த மாதிரி நிறுவனங்களில் என்ன வேலை? படத்தைப் பார்த்து, 'இது லாரி, இது மாடு, இது ஆள்' என்று குறித்துக் கொடுக்க வேண்டும். அப்படிச் சொல்லிக் கொடுத்தால்தான் எந்திரம் படிக்கும். அதாவது அமெரிக்கக்காரன் எந்திரத்துக்கு வாத்தியார் வேலை பார்ப்பது நம்ம ஊர்ப் பெண்கள்!

ஆனால் பாடம் முடிந்ததும் வாத்தியாரை வீட்டுக்கு அனுப்பினால்? 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் சுமார் 12 ஆயிரம் பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. எந்திரம் காரணம் அல்ல என்றது கம்பெனி. இருக்கட்டும். பிள்ளையை என்ஜினீயரிங்கில் சேர்க்கக் கடன் வாங்கிய அப்பனுக்கு அன்று ராத்திரி தூக்கம் வந்திருக்குமா?

அணை உடைந்ததா?

எனக்குப் பெரிய பயம் வேறு. நம்ம அணை.

1934-ல் கட்டி முடித்த அணை. 120 அடி. 93.47 டி.எம்.சி. தண்ணீர். 2024 ஜூலை 30-ந் தேதி 43-வது தடவையாக நிரம்பியது. 16 கண் மதகு வழியாகக் காவிரி பாய்ந்தது. அந்த மாதிரி நாளில், அணை உடைந்தது போல ஒரு பொய்ப் படம் தயாரித்து, கலெக்டர் குரலில் "ஓடுங்கள்" என்று எவனாவது அனுப்பினால்? பவானி, ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் கரையோரம் என்ன ஆகும்? தண்ணீர் கொல்லாது. நெரிசல் கொல்லும்.

மறுபக்கமும் இருக்கிறது. நாலு தடவை பொய் வந்து ஏமாந்தவன், ஐந்தாவது தடவை நிஜ எச்சரிக்கை வந்தாலும் "போடா" என்று படுத்துக் கொள்வான்.

பிலிகுண்டுலுவில் எவ்வளவு தண்ணீர் வருகிறது, எப்போது இங்கே சேரும் என்று எந்திரம் கணக்குப் போடட்டும். நம்மைவிடச் சுருக்காகவே போடும். ஆனால் மதகைத் திறக்கும் உத்தரவில் ஒரு என்ஜினீயர் கையெழுத்து இருக்க வேண்டும். தப்பு நடந்தால் அவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். எந்திரத்துக்கு 'மெமோ' கொடுக்க முடியுமா?

வெள்ள எச்சரிக்கை எந்த நம்பரில் இருந்து வரும், எந்த அதிகாரி அறிவிப்பார், சரிபார்க்க எங்கே கேட்பது என்பதை நீர்வளத்துறையும் வருவாய்த்துறையும் மழைக்காலத்துக்கு முன்பே கரையோர ஊர்களில் மைக் வைத்துச் சொல்ல வேண்டும். ரேஷன் கடைச் சுவரிலும் பஸ் நிலையத்திலும் எழுதிப் போட வேண்டும். பெயிண்டு செலவுதான்!